மின்னி பே ஒற்றர்கள்

ப்ளெக்ஸ் பேனரில் தன் முகம் வேண்டாம் என்று சொன்ன தமிழனை என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

போர்ட் பிளேர் டாலிகஞ்சில் ப்ளெக்ஸ் கடை போட்டுப் பல வருடம் ஆகிறது. பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதற்கு வந்தாலும் எங்கள் ஆட்கள் கேட்பது ஒன்றுதான். முகம் பெரிதாக வர வேண்டும். பக்கத்தில் இருப்பவன் முகத்தைவிடக் கொஞ்சமாவது பெரிதாக வர வேண்டும். இதற்காகச் சம்பந்திகள் என் கடைக்குள்ளேயே மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில், பங்குனி உத்திர அன்னதானக் கமிட்டியின் பேனரை நான் கம்ப்யூட்டரில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். கமிட்டியில் அவரும் ஒருவர்.

"அக்கா, இதுல என் போட்டோவ மட்டும் எடுத்துருங்க."

"ஏன் தம்பி? நல்லாத்தானே விழுந்திருக்கு. க்யா ப்ராப்ளம்?"

"ஒண்ணுமில்லக்கா. பேரும் வேணாம்."

சாமி காரியத்துக்குச் செய்துவிட்டுப் பேர் வேண்டாம் என்கிற மனிதரை நான் மேலும் கீழும் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தை எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். "அழிச்சாச்சா? அழிச்சாச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆச்சு என்றேன். பேனரிலிருந்து அழித்தது உண்மை. ஆனால் கமிட்டிக்காரர்கள் அனுப்பிய அவருடைய போட்டோ என் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. எந்த ப்ளெக்ஸ் கடைக்காரியும் வந்த போட்டோவை அழிக்க மாட்டாள். பிறந்தநாளுக்குக் கொடுத்த படம்தான் பின்னால் அஞ்சலிக்கும் உதவும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் முகத்தில் ஓர் அடையாளம் உண்டு. அவர் மனைவியின் முகத்திலும் ஒன்று உண்டு. இரண்டும் என்னவென்று எழுத மாட்டேன். அவர் பார்த்த தொழிலை மாற்றித்தான் சொல்வேன். அவர்கள் பேச்சையும் பொதுப் பேச்சாக ஆக்கியிருக்கிறேன். நாலு வார்த்தை கேட்டாலே எந்த ஜில்லா என்று சொல்லிவிடலாம், அப்படிப்பட்ட பேச்சு அவர்களுடையது. இத்தனை செய்த பிறகும் இதை எழுதும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அவர்கள் மின்னி பேயில் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி வாடகைக்கு இருந்தார்கள். இதை மட்டும் மறைக்காமல் சொல்லலாம். இப்போது அந்த வீட்டில் இருப்பது ஒரு தெலுங்குக் குடும்பம். அவர் ஏ.சி. மெக்கானிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வீட்டிலேயே இருந்து துணி தைத்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரருக்குக் கார் நிக்கோபார் தீவில் அரசாங்க வேலை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். தனியாக இருக்கிறவளுக்கு அடுத்த வீட்டைப் பார்ப்பதைவிட வேறு பொழுதுபோக்கு என்ன இருக்கிறது? முகம் வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து நான் அந்த வீட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது கப்பல் நாள். ஊருக்குப் பெயர் மாற்றினாலும் நாங்கள் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறோம். தினமும் விமானம் வந்தாலும் சென்னைக் கப்பல் வருகிற அன்றைக்கு ஹாடோ துறைமுக வாசலில்தான் ஊர் நிற்கும். யாராவது சொந்தக்காரர் வருவார், இல்லாவிட்டால் சொந்தக்காரர் கொடுத்தனுப்பிய மூட்டையாவது வரும். எனக்கும் இங்க்கும் ப்ளெக்ஸ் ரோலும் கப்பலில்தான் வரும், அதனால் போவேன். ஒவ்வொரு முறையும் அவர் அங்கே இருப்பார். வாசலுக்கு நேரே நிற்க மாட்டார். ஆட்டோக்களுக்குப் பின்னால், ஓர் ஓரமாக நிற்பார். மூன்று நாள் கடலில் ஆடிக் களைத்த சனம் மூட்டையும் முடிச்சுமாக வெளியே வரும். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். கடைசி ஆள் வெளியே வந்த பிறகு கிளம்பிப் போவார். யாரையும் கூட்டிக்கொண்டு போனதில்லை, யாரிடமும் எதையும் வாங்கிக்கொண்டதில்லை.

அப்புறம் அவள். பஸ்ஸில் எப்போதும் கடைசி சீட். கடைத்தெருவிலிருந்து வீட்டுக்குப் போக மூன்று வழி உண்டு, மூன்றிலும் மாறி மாறிப் போவாள். வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு பேர் செருப்பையும் திருப்பி, முன்பக்கம் தெருவைப் பார்க்கிற மாதிரி வைப்பாள். கதவுக்குப் பின்னால் எந்நேரமும் இரண்டு பை கட்டித் தயாராக இருக்கும், நானே பார்த்தேன். துணியை வெளிக் கொடியில் உலர்த்த மாட்டாள். ஒரு நாள் மீன்காரியின் கத்தி நழுவி அவர் காலில் விழப் போனபோது அவள் பதறிக் கூப்பிட்ட பெயர், அவர் எங்களுக்குச் சொன்ன பெயர் இல்லை.

எனக்குச் சந்தேகமே இல்லை. இவர்கள் உளவாளிகள். கடற்படையும் விமானப்படையும் இருக்கிற ஊர் இது. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டால் "டிபென்ஸ்" என்பார், அதற்கு மேல் நாங்கள் கேட்க மாட்டோம். நம் பக்கத்து உளவாளியா, எதிர்ப் பக்கத்து உளவாளியா என்பதில்தான் எனக்குக் குழப்பம். நம் பக்கம்தான் என்று முடிவு செய்தேன். அவள் எனக்குச் சுறாப்புட்டு கொடுத்தனுப்பியிருந்தாள்.

நான் படம் வரைவேன். மழைக்காலத்தில் ப்ளெக்ஸ் ஆர்டர் குறைந்துவிடும், கடையில் ஈ ஓட்டாமல் கம்ப்யூட்டரில் வரைவேன். அந்த மழைக்காலத்தில் ஒரு சித்திரக்கதை ஆரம்பித்தேன். புருஷன் பெண்டாட்டி வேஷத்தில் ஒரு தீவில் ஒளிந்து வாழும் இரண்டு ஒற்றர்கள். தலைப்பு, 'கப்பல் நாள்'. எனக்குக் கற்பனையில் முகம் வராது. கண் முன்னே ஒரு போட்டோ இருந்தால்தான் கை ஓடும். அழித்துவிட்டேன் என்று சொன்ன அந்தப் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு, மேலேயே கோடு இழுத்து, அவரை வரைந்தேன். அடையாளத்தையும் விடவில்லை. 'ஒற்றனுக்கு அது எடுப்பாக இருக்கும்' என்று நினைத்தேன். அவளைப் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகவே வரைந்தேன். சந்து, மூலையில் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி, சரிவில் இறங்கிக் கடலுக்குப் போகிற படி, எல்லாம் அப்படியே.

வாரம் ஒரு பகுதியாக இணையத்தில் போட்டேன். ஜனங்கள் படித்தார்கள். சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் புத்தகமாகவும் போட்டது. அவர்கள் இருவருக்கும் தெரியாது. அவரிடம் இருந்தது பட்டன் போன். அவள் தினசரியைக்கூடத் தொட மாட்டாள். தெரிந்தால் சந்தோஷப்படுவார்கள், இல்லாவிட்டால் என்னைக் கூப்பிட்டுக் கண்டிப்பார்கள், இரண்டும் ஒரு த்ரில் என்றுதான் இருந்தேன். எனக்கு அன்றைக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

பிறகு சென்னையிலிருந்து போன் வந்தது. ஒரு தயாரிப்புக் கம்பெனி 'கப்பல் நாள்' கதையை டிவி தொடராக எடுக்க ஆசைப்பட்டது. இயக்குநர் என்னைவிடச் சின்னவர், மரியாதையானவர். அவரும் நான்கு எழுத்தாளர்களும் வாரம் இரண்டு நாள் வீடியோவில் வந்து உட்காருவார்கள், நான் கடையில் ஒரு பக்கம் பிரிண்டர் ஓட இன்னொரு பக்கம் உட்கார்ந்து பதில் சொல்வேன். நெட் நின்று நின்று வரும். யார் வாய் திறந்தபடி உறைந்து நின்றாலும் அந்தச் சபையில் நான்தான் பெரிய மனுஷி.

கட்டத்தைக் காட்சியாக மாற்றுவது எப்படி என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன். எனக்கு ஒரே கட்டத்தில் முடிந்த விஷயத்துக்கு அவர்கள் மூன்று பக்கம் வசனம் எழுதினார்கள். நான் பேச்சே இல்லாமல் ஆறு கட்டம் வரைந்ததை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அவள் செருப்பைத் திருப்பி வைக்கிற அந்த ஆறு கட்டம்தான் தொடரின் முதல் காட்சி. இயக்குநர் அதைத் தன் அறைச் சுவரில் ஒட்டியிருந்தார். சண்டையும் போட்டோம்.

"மேடம், ஸ்பைன்னா ஒரு கன்னாவது வேணாமா?"

"வேணாம் சார். என் ஆளுங்க பயப்படுறவங்க. துப்பாக்கி வச்சிருக்கிறவ எதுக்குச் செருப்பத் திருப்பி வைக்கப் போறா?"

நாலு பேரும் கைதட்டினார்கள். நான் சொன்னதன் அர்த்தம் எனக்கே அப்போது தெரியாது.

இன்னொரு நாள் அவர்களில் ஒருவர் கேட்டார். "அவர் ஏன் கப்பலை மட்டும் பார்க்கிறார்? ஏர்போர்ட் பக்கமே போகலியே?" நியாயமான கேள்வி. எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வருமா? விமானத்தில் வருகிறவனுக்கு ஆயிரம் பதிவு இருக்கும், எதிரியின் ஆள் கப்பலின் அடித்தட்டு பங்க் கிளாஸில் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் வருவான் என்று அளந்துவிட்டேன். "உங்களுக்கு எப்படி மேடம் இதெல்லாம் தெரியுது?" என்றார் இயக்குநர். நான் சிரித்து வைத்தேன், ஏதோ எனக்கு மேலிடத்தில் ஆள் இருக்கிற மாதிரி.

நடிகர்களைத் தேர்வு செய்தபோது இயக்குநர் ஒரே பிடியாக இருந்தார். புத்தகத்தில் இருக்கும் முகம்தான் திரையில் வர வேண்டும். மேக்கப் போட்டு எடுத்த முதல் படத்தை எனக்கு அனுப்பினார். இருவரும் எங்கள் சந்து மாதிரியே போட்ட செட்டில் நிற்கிறார்கள். அடையாளங்கள் அச்சு அசலாக இருந்தன. பத்து நாளில் டீசர், அடுத்த மாதம் படக்குழு மின்னி பேக்கு வந்து நேரிலேயே எடுக்கப் போகிறது என்று கூடவே செய்தி. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மானிட்டரில் அந்தப் படத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ போட உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது கடையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஏதோ ஒரு காகிதத்தை லேமினேஷன் செய்ய வந்திருந்தாள். காகிதம் தரையில் கிடந்தது. அவள் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தவில்லை. என்ன இது என்றுகூடக் கேட்கவில்லை. முதலில் வாசலைப் பார்த்தாள். பிறகு போய் ஷட்டரைப் பாதி இறக்கினாள். அப்புறம்தான் என்னிடம் திரும்பினாள்.

"இது எங்கயெல்லாம் போகும்கா?"

"டிவில வரும்மா. ஒங்களத்தான்... சும்மா ஒரு கதை. மெயின்லேண்ட் பூரா வரும்."

"எங்க ஊர்லயும் வருமா?"

"வருமே."

அவள் ப்ளெக்ஸ் துண்டுகள் கிடந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அப்போதும் மடத்தனமாக, "பயப்படாதம்மா, கவர்மெண்டுக்குத் தெரிஞ்சா ஒன்னும் ஆகாது, நான் எந்த ரகசியத்தையும் போடல" என்றேன். அவளுக்கு நான் சொன்னது விளங்கவே இல்லை. எந்த கவர்மெண்ட், என்ன ரகசியம் என்று விழித்தாள். பிறகு சொன்னாள்.

ரொம்ப நேரம் ஆகவில்லை, ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டாள். அவளுடைய சாதி வேறு, அவருடைய சாதி வேறு. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். முதலில் போன ஊரில், போன எட்டே மாதத்தில், அவளுடைய இரண்டு அண்ணன்களும் கண்டுபிடித்து வந்துவிட்டார்கள். அவர் முகத்தில் இருக்கும் அடையாளம் பெரிய அண்ணன் போட்டது. அவள் முகத்தில் இருப்பது, குறுக்கே போய் விழுந்ததில் பட்டது. அக்கம்பக்கத்தார் கூடிவிட்டதால் அன்றைக்கு உயிர் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சென்னைக்கு வந்து கப்பல் ஏறினார்கள். அண்ணன்கள் இன்னும் தேடுகிறார்கள். போன வருடம் அவர் தம்பியைப் பிடித்து எங்கே இருக்கிறார்கள் என்று அடித்துக் கேட்டிருக்கிறார்கள். தம்பிக்குத் தெரியாது, அதனால் சொல்லவில்லை.

"அதுக்குத்தான் ஒவ்வொரு கப்பலுக்கும் போய் நிக்கிறாரு. ஏரோப்ளேன்ல அரிவாள் கொண்டு வர முடியாதுல்லக்கா? கப்பல்னா மூட்டைக்குள்ள மூட்டையா வச்சுக் கொண்டாந்துரலாம்னு இவருக்கு ஒரு எண்ணம்."

சென்னைக்காரர்களிடம் நான் வாய்க்கு வந்ததை அளந்துவிட்ட அந்தக் கேள்விக்கு இதுதான் பதில். அந்த இரண்டு பை, அந்தக் கடைசி சீட், அந்தச் செருப்பு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

"எங்கண்ணனுங்க புஸ்தகம் படிக்க மாட்டாங்கக்கா" என்றாள். "டிவி பாப்பாங்க."

"போலீஸ்ல சொல்லலாம். நான் கூட வரேன்."

"சொன்னா விசாரிக்கணும்னு மொதல்ல ஊருக்குத்தான் போன் போடுவாங்க. வேணாம்கா." பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "இப்பத்தான் ஒரு பிள்ளை பெத்துக்கலாம்னு பேச ஆரம்பிச்சோம்" என்றாள்.

அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு போன பிறகு அரை மணி நேரம் ஷட்டரை ஏற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று என்னைப் பிடித்த பயம் இன்றுவரை முழுசாகப் போகவில்லை. கடைக்குப் புது ஆள் வந்தால் முதலில் கையைப் பார்ப்பேன். மெயின்லேண்ட் தமிழ் காதில் விழுந்தால் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன். ராத்திரி என்னவோ தூங்கிவிட்டேன், பகலில்தான் முடியவில்லை. பகலில்தான் ஆட்கள் நடமாடுவார்கள்.

மறுநாள் இயக்குநரைக் கூப்பிட்டேன். இரண்டு முகத்தையும் மாற்ற வேண்டும், சந்து வேறாக வேண்டும், ஊரையே மாற்ற வேண்டும் என்றேன். புதிதாக நானே வரைந்து தருகிறேன் என்றேன்.

"மேடம், அந்த முகம்தான் மேடம் இந்தக் கதை. ஆர்ட்டிஸ்ட் பிக்ஸ் ஆயாச்சு, டீசர் கட் ஆயிட்டிருக்கு. திடீர்னு ஏன்?"

"எனக்குப் பிடிக்கல."

அவர் குரல் மாறியது. "மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? யாராவது நிஜ ஆளா? நிஜமாவே அங்க அப்படி ரெண்டு பேர் இருக்காங்களா?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்ல மனிதர், சொன்னால் புரிந்துகொள்வார், நிறுத்திவிடுவார் என்று ஒரு கணம் தோன்றியது. அவரே என்னைக் காப்பாற்றினார்.

"இருந்தா சொல்லுங்க மேடம், ப்ளீஸ். 'உண்மைச் சம்பவம்'னு டீசர்லயே போட்டுடலாம். வேற லெவல் போயிடும்."

"அதெல்லாம் யாரும் இல்ல சார். எல்லாம் என் கற்பனை" என்று சொல்லிப் போனை வைத்தேன். விஷயத்தைச் சொல்லாமல் அவரை நிறுத்த முடியாது. சொன்னால் அதையே விளம்பரம் ஆக்கிவிடுவார்கள். கார் நிக்கோபாரிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டபோது அவரிடமும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தால் தெரிந்தவர்கள் நாலு பேர் ஆகிவிடும், இன்னொருவரை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்குத் தைரியம் இல்லை. "குரல் ஏன் ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்டார். சளி என்றேன்.

மூன்று நாள் ஒப்பந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். கையெழுத்துப் போடும்போது படிக்காததை அப்போது படித்தேன். கதை முழுக்க என்னுடையது, எங்கிருந்தும் எடுத்ததில்லை என்று நான் உறுதி கொடுத்திருந்தேன். அப்படி இல்லை என்று தெரிந்தால் கம்பெனி எல்லாவற்றையும் நிறுத்திக்கொள்ளலாம். தப்பிக்க அந்த ஒரு சந்துதான் இருந்தது.

நான்காம் நாள் காலையில் மெயில் எழுதினேன். 'கப்பல் நாள்' என் கதை இல்லை. சின்ன வயதில் கப்பலில் யாரோ விட்டுப்போன ஒரு பழைய ஹிந்தி சித்திரக்கதையிலிருந்து கதையையும் முகங்களையும் அப்படியே திருடினேன். அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இல்லை, எழுதியவர் யாரென்றும் தெரியாது. ஒரு நாள் அவர் வந்து கேட்டால் நான் மறுக்க மாட்டேன். உண்மையில் அப்படி ஒரு புத்தகமே கிடையாது. அந்தக் கதையில் ஒரு கோடுகூட நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததில்லை. படம் போட ஆரம்பித்த நாளிலிருந்து யார் எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன், காப்பியடித்தவள் என்று சொன்னால் மட்டும் விட்டு வைக்க மாட்டேன். அந்தச் சொல்லை நானே டைப் அடித்தேன். அனுப்புகிற பட்டனை அழுத்துவதற்குள் அழுகை வந்துவிட்டது.

இயக்குநர் கூப்பிட்டார். கத்தினார் என்றால் பரவாயில்லை, கத்தவில்லை. "உங்கள எங்க டீம் மொத்தமும் எவ்வளவு மதிச்சோம் தெரியுமா மேடம்?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு வக்கீல் கடிதம் வந்தது. டீசர் வரவில்லை. பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது, ஏன் திரும்பப் பெற்றோம் என்று வெளிப்படையாக எழுதவும் செய்தது. இணையத்தில் இருந்த பகுதிகளையெல்லாம் நான் எடுத்தேன். கம்ப்யூட்டரில் இருந்த அவருடைய போட்டோவை அழித்தேன், அழிந்ததா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

எங்கள் ஊரில் செய்தி பரவக் கப்பல் வேண்டாம். மறுநாளே பான் கடை பெங்காலிக்காரர், நான் காப்பியடித்தேனாமே என்று ஹிந்தியில் கேட்டார், "தீதி, சுனா ஆப்னே காப்பி கியா?"

"ஹான் தாதா, காப்பி கியா" என்றேன்.

அவர் முகத்தில் வந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. கமிட்டிக்காரர்கள் அந்த வருடம் பேனரை வேறு கடையில் கொடுத்தார்கள். என் கடைக்கு வந்து போகிற ஒரு வாத்தியார், நன்றாக வரைகிற பிள்ளைகளை என்னிடம் அனுப்பிக்கொண்டிருந்தவர், அனுப்புவதை நிறுத்திவிட்டார். வலித்தது. நிறைய வலித்தது. ஆனால் வலி ஒரு பக்கம் இருக்கும்போதே இன்னொரு பக்கம், அப்பாடா, டிவியில் வராது என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று துடித்தேன். உண்மையைச் சொல்லப்போனால், நான் செய்ததை அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் ஆசை. ஊர் முழுக்கத் திருடி என்கிறது, ஓர் ஆளாவது இல்லை என்று நினைக்கட்டுமே என்ற ஆசை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும், அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டில் இல்லை, தையல் மிஷின் இல்லை. அவர் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கை சட்டென்று கதவுப் பக்கம் போனது. நான்தான் என்று தெரிந்த பிறகும் உடனே கீழே இறங்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தபோதுதான், நான் அவர்களுக்கு யாராகிவிட்டேன் என்பது எனக்கு விளங்கியது.

"நின்னு போச்சு தம்பி" என்றேன். மூச்சு வாங்கியது. "சீரியல் இல்ல. புக்கும் இல்ல. எல்லாத்தையும் எடுத்தாச்சு. கதம், முடிஞ்சுது. இனிமே எங்கயும் வராது."

அவர் அவளைப் பார்த்தார். அவள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது.

"கேள்விப்பட்டோம்கா. எங்களுக்காக ஒங்க பேரக் கெடுத்துக்கிட்டீங்கன்னு புரிஞ்சுது. இவர் ராத்திரி பூரா அதைத்தான் சொல்லிட்டிருந்தாரு."

"அப்ப எதுக்குப் போறீங்க? இங்கயே இருங்க. நான் இருக்கேன்ல?"

"படிச்சவங்க எத்தன பேரு, போன்ல வச்சிருக்கிறவங்க எத்தன பேருன்னு யாருக்குத் தெரியும்கா? இந்தச் சந்து அதுல இருக்கு. இந்த வாசப்படி இருக்கு. இனிமே எங்களால இங்க தூங்க முடியாது."

படியைக்கூட நான்தான் எண்ணி வரைந்திருந்தேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. உதவி செய்துவிட வேண்டும் என்று ஒரு வெறி.

"எங்க போறீங்க? பக்கத்துத் தீவு ரங்கத்துல எனக்குத் தெரிஞ்ச குடும்பம் இருக்கு. திக்லிபூர்லயும் ஆள் இருக்கு, வீடு பாத்துக் கொடுப்பாங்க. எங்கன்னு சொல்லு, நான் பேசறேன்."

அவள் என் கையை விட்டாள். மெதுவாகத்தான் விட்டாள்.

"எங்கன்னு கேக்காதீங்கக்கா. ஒங்களுக்குத் தெரிஞ்சா வரைஞ்சிருவீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. குத்திக் காட்டவும் இல்லை. அடுப்பு சூடாக இருக்கிறது, தொடாதே என்று சொல்கிற மாதிரி, எனக்காகவும் சேர்த்துத்தான் சொன்னாள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒதுங்கி, அவர்களுக்கு வழி விட்டேன்.